மடித்த சீட்டும் பதினான்கு பக்க அறிக்கையும்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவள் நான். இதை யாரும் கேட்காமலேயே சொல்லிவிடுவது என் பழக்கம். அந்தப் பழக்கம்தான் அன்று என்னைக் கவிழ்த்தது.

காப்புரிமை (பேட்டன்ட்) வழக்குகளைக் கவனிக்கும் சட்ட அலுவலகம் ஒன்றில் எனக்குப் பயிற்சிக்காலம் முடியும் வாரம். வேலை நிரந்தரமாவது ஒரே ஓர் அறிக்கையைப் பொறுத்திருந்தது. உணவகச் சமையலறைகளுக்கு ஆர்டர் காட்டும் திரை செய்து விற்கிறவர் எங்கள் கட்சிக்காரர் அருள். அவர்மேல் போட்டி நிறுவனம் ஒன்று பாய்ந்திருந்தது: “கொடுத்து முடித்த பலகாரத்தின் வரியைத் திரையில் தொட்டால் அது மடங்கி மறைந்து, பாக்கி மட்டும் தெரிவது எங்கள் கண்டுபிடிப்பு. காப்புரிமை எங்களுடையது.” அத்தொழில் தெரிந்த சாதாரண ஆளுக்கே அது தானாகத் தோன்றியிருக்கும் என்று காட்டினால் அருள் தப்பிப்பார்.

நான் ஜப்பான்வரை பழைய காப்புரிமைகளைத் தேடிப் பதினான்கு பக்கம் எழுதினேன். முடிவு: யாருக்கும் தோன்றியிருக்காது.

அதை அருளிடமும் என் மேலதிகாரி மேரி மேடத்திடமும் விளக்க, பஃபலோ ரோட்டில் அம்மா சமைக்கும் கடையைத் தேர்ந்தெடுத்தேன். (அங்கே அருளின் திரை இருக்கிறது என்பது சாக்கு. நான் பேசுவதை அம்மா பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.)

“இது உலகத்துல யாருக்குமே தோணியிருக்காது சார்,” என்றேன், சமையலறை வாசலில் நின்று, கொஞ்சம் சத்தமாகவே.

அருளின் முகம் வாடியது. “என் திரை எங்க?”

அதன்மேல் கைத்துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

“எண்ணெய்க் கையால தொட்டா வழுக்குது சார்,” என்ற அம்மா, தோசையை வெளியே அனுப்பிவிட்டு, அடுப்புக்கு மேலே கம்பியில் தொங்கிய ஆர்டர் சீட்டில் தோசை வரியைப் பின்பக்கமாக மடித்தார். பாக்கி மட்டும் தெரிந்தது: இரண்டு பரோட்டா.

மேடம் சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி சீட்டைப் பார்த்தார்.

“அக்கா, எத்தனை வருஷமா இப்படி மடிக்கிறீங்க?”

“இவ பிரைமரி ஒன் போனதிலேருந்து லா. போட்டோவே இருக்கு.”

சுவரில் இருந்தது. ஒன்றாம் வகுப்புச் சீருடையில் நான், வாய் நிறைய வடை. தலைக்கு மேலே வரிசையாக மடித்த சீட்டுகள். போட்டி நிறுவனம் பிறப்பதற்கே பல வருடங்களுக்கு முந்தைய படம். அந்தச் சீட்டுகளுக்குக் கீழே உட்கார்ந்துதான் ஆறு வருடம் வீட்டுப்பாடம் எழுதினேன்.

“யாருக்குமே தோணாதா?” என்றார் மேடம்.

“இங்க… தேடலை மேடம்.”

அருள் சிரித்த சிரிப்பில் கடையே திரும்பிப் பார்த்தது. அம்மா பதறினார். “என்ன சார், ஏதாச்சும் தப்பு பண்ணிட்டாளா?”

“பண்ணிட்டா அக்கா. ஆனா சரியான இடத்துல வந்து பண்ணிட்டா!” என்றார் அருள்.

அறிக்கையை மூன்று பக்கத்தில் மாற்றி எழுதினேன்: காகிதத்தில் செய்ததைத் திரையில் செய்ய யாருக்கும் தோன்றும். போட்டி நிறுவனம் பின்வாங்கியது. எனக்கும் வேலை நிரந்தரமானது.

இப்போது யாராவது “மக என்ன வேலை பார்க்குது?” என்று கேட்டால், அம்மா என்னைப் பேசவே விடுவதில்லை.

“உலகத்துல யாராச்சும் புதுசா ஒன்னு கண்டுபிடிச்சா, அது என் அடுப்படியில ஏற்கெனவே இருக்கான்னு வந்து பார்த்துட்டுப் போவா. அதுக்குத்தான் இவ்ளோ படிப்பு!”