ஈஸ்வரன் கொடுத்த சம்மதபத்ரம்

மகள் கேட்ட பாட்டு அவளுக்குக் கிடைக்கவே கூடாது என்று ஈஸ்வரன் முடிவெடுத்தார். கேரள எல்லையோரக் கோவிந்தாபுரத்தில் அவருக்கு நாலு ஏக்கர் மாந்தோப்பு உண்டு. பஜனைக் கோஷ்டியில் இருபது வருஷமாகப் பின்வரிசையும் உண்டு. மைக் மட்டும் முன்வரிசையைத் தாண்டி அவர் பக்கம் வந்ததேயில்லை.

மகள் யோகப்பிரியா காலேஜுக்காக ஐந்து நிமிட வீடியோ எடுத்திருந்தாள். காட்டுப்பன்னியும் மயிலும் விளைச்சலைத் தின்று தீர்க்கிற கதை. அதில் மீனாட்சிபுரம் மருதாத்தாள் பாடிய கும்மிப் பாட்டைப் போட ஆசை. அடுத்தவர் பாட்டு என்றால் அவர் கையெழுத்துப் போட்ட சம்மதபத்ரம் வேண்டும் என்று காலேஜில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

"காப்பிரைட்டுங்கப்பா," என்றாள்.

"காப்பிரைட்டாவது, டீரைட்டாவது. நான் போயி வாங்கியாரேன். நீ படி கண்ணு."

போனார். செக்போஸ்ட் டீக்கடை வரைக்கும். இரண்டு வடை, ஒரு டீ, ஒன்றரை மணி நேரம். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினார்.

"முடியாதுன்னு சொல்லிப்போட்டாங்க."

மனைவி கமலாத்தாள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, அந்தக்காவை நேர்ல பாத்தீங்களா?"

"பாக்காம? நேருக்கு நேரா."

"அவங்க ஊட்டு நாயைக் கட்டிப்போட்டிருந்தாங்களா?"

"எங்க கட்டறாங்க? கேட்டு வரைக்கும் வெரட்டிருச்சு."

"பாவமே," என்று அடுத்த வெண்டைக்காயை எடுத்தாள். "இப்பப் பாட்டுக்கு என்னங்க பண்றது?"

"நானே பாடிப்போடறேன். யாரு வாசல்லயும் போயி நிக்க வேண்டாம் பாரு."

அவள் மறுப்பாள் என்று ஏழு பதில்களைத் தயாராக வைத்திருந்தார். அவளோ, "நல்லதுங்க," என்றாள். ஏழும் வீண்.

ரெக்கார்டிங் தொடங்கியது. பல்லவியில் குக்கர் விசிலடித்தது. மறுபடி தொடங்கினால் மீன்காரர் ஹாரன். அதற்கப்புறம் இருமல்.

"ஒரு மனுசன் பாடறப்பத்தான் இந்த ஊருக்கு எல்லா வேலையும் வருது," என்று பல்லைக் கடித்தார். பதினோராவது தடவை, எரிச்சல் தலைக்கேறி, மேல் ஸ்தாயியில் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டார்.

"இதே போதுங்கப்பா," என்றாள் யோகப்பிரியா.

கமலாத்தாள் ஒரு தாளை நீட்டினாள். "சம்மதபத்ரமுங்க. பாடினவரு கையெழுத்து வேணும்."

"பெத்த மகளுக்கு எதுக்குப் புள்ள பத்ரம்?"

"சட்டமுன்னா சட்டந்தானுங்க."

'பாடகர்' என்று அச்சடித்திருந்தது. இருபது வருஷத்தில் அவரை யாரும் அப்படி எழுதியதில்லை. மேலே இருந்த நாலு வரியைப் படிக்க யாருக்குப் பொறுமை? சுழித்துக் கையெழுத்துப் போட்டார்.

காலேஜ் ஹாலில் முதல் வரிசையில், இஸ்திரிச் சட்டையில் உட்கார்ந்தார். விளக்கணைந்தது. திரையில் தோப்பு வந்தது. கூடவே மருதாத்தாளின் கும்மி வந்தது.

"இதெப்படி?" என்றார் கமலாத்தாளிடம்.

அவள் காதோரம் சொன்னாள். "நீங்க வந்து சேந்தீங்களான்னு கேக்கலாம்னு அன்னைக்கே அந்தக்காவுக்குப் போன் பண்ணேனுங்க. யாருமே வரலைன்னாங்க. பத்ரத்தை அப்பவே போட்டோ புடிச்சு அனுப்பிச்சுட்டாங்க. அவங்க ஊட்டுல நாயே இல்லீங்களாம்."

ஈஸ்வரன் கொஞ்ச நேரம் இஸ்திரி மடிப்பைத் தடவினார். "அப்ப என்ற பாட்டு?"

"வருமுங்க."

நாலாவது நிமிஷம் வந்தது. மாமரத்தில் ஒரு குழாய் ஸ்பீக்கர். அதிலிருந்து அவருடைய மேல் ஸ்தாயி. பத்துப் பன்னிரண்டு மயில்கள் ஒன்றாக எழும்பிப் பறந்தன. ஒரு தாய்ப்பன்னி குட்டிகளைக் கூட்டிக்கொண்டு தமிழ்நாட்டுப் பக்கம் ஓடியது. ஹால் கைதட்டி ஓய இரண்டு நிமிஷமாயிற்று.

வெளியே வந்தால் பக்கத்துத் தோப்புக் குப்பண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்ள, அந்தச் சத்தத்தை எனக்குக் கொஞ்சம் அனுப்பு. பன்னித் தொல்லை தாங்கல."

"அது சத்தமில்ல, பாட்டு," என்று ஈஸ்வரன் நிமிர்ந்தார். "என்ற சம்மதமில்லாம ஒருத்தரும் தொடக்கூடாது. காப்பிரைட்டு."

"அவரைக் கேக்க வேண்டாமுங்கண்ணா," என்றாள் கமலாத்தாள். "அந்த உரிமையெல்லாம் புள்ளைக்கு எழுதிக் குடுத்துட்டாரு. அவ காத்தாலயே ஒம்பது தோப்புக்கு அனுப்பிச்சாச்சு."