கிண்டி அவர்கள்

ஒரு டம்ளர் தண்ணீருக்குப் பயந்து பெஞ்சின்மேல் ஏறி நின்றவன் நான். வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட, நானே ஒப்புக்கொண்டுவிடுவது மேல்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு கம்பெனிக்குக் குமாஸ்தாவாகத் திருவனந்தபுரம் வந்து இறங்கிய முதல் நாள். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் போத்தி என்று அழைக்கப்படும் மலையாளப் பிராமணர் ஒருவர் நடத்திய விடுதி; மாடியில் அறை, கீழே சாப்பாடு. வெளியே நல்ல மழை. பரிமாறுகிறவன் அடுக்களையிலிருந்து, "தா, வெள்ளம் வருந்நு" என்றான். அவர்கள் பாஷையில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். எங்கள் ஊரில் வெள்ளம் என்றால் தாமிரபரணி மாட்டையும் வைக்கோல்போரையும் இழுத்துக்கொண்டு வருவது. உட்கார்ந்திருந்த பெஞ்சின்மேல் ஏறிவிட்டேன்.

விடுதியே சிரித்தது. ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. "இறங்கும் வே. பெஞ்சு அவர்களுக்குக் கால் சரியில்லை" என்றார்.

உயிரில்லாத பொருள்களுக்கு அவரளவு மரியாதை கொடுத்தவர் உலகத்தில் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நாஞ்சில்நாட்டுக்காரர், அரிசி மண்டியில் கணக்கு. குடை அவர்கள், நாற்காலி அவர்கள் என்பார்; மண்டி முதலாளி மட்டும் ‘அவன்’. அதனால் எல்லாரும் அவருக்கு வைத்த பெயர் ‘அவர்கள்’. ஒருமுறை செருப்பைத் தைக்கக் கொடுத்துவிட்டு, அதைத் தனியே விட்டுவர மனமில்லாமல் மத்தியான வெயிலில் வெறுங்காலோடு பக்கத்திலேயே நின்றார்.

குழந்தைகளுக்காக அவர் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தார். விளக்கு வைத்ததும் கூடத்தில் எங்களுக்கு வாசிப்பார். ராஜா கிடையாது, ராட்சசன் கிடையாது. குஞ்ஞம்மா என்று ஒரு சிறுமி. மழைக்கு முன்பே தும்முகிற குடையும், பொய் கேட்டால் மங்குகிற அரிக்கேன் விளக்கும் அவளுடைய சிநேகிதர்கள். நான் வந்த வாரம் புதிதாக ஒரு கிண்டி சேர்ந்தது. மூக்கு வைத்த வெண்கலச் செம்பு. கேட்டதைக் கொடுக்கும். ஆனால் திருநெல்வேலிக் கிண்டி. குஞ்ஞம்மா தாகத்துக்குக் கொஞ்சம் தண்ணீர், "இத்திரி வெள்ளம்" என்று கேட்க, அது தன் பாஷையில் புரிந்துகொண்டு தெருவையே மிதக்கவிட்டது. ஜனங்கள் பாயசம் காய்ச்சுகிற உருளிகளில் ஏறித் துடுப்புப் போட்டார்கள்.

கூடம் முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை. ஞாயிற்றுக்கிழமைகளில் சங்குமுகம் கடற்கரைக்குத் தனியாகப் போய், தனியாகக் கடலை தின்று, நல்ல கடலையா சொத்தைக் கடலையா என்று சொல்லக்கூட ஆளில்லாமல் திரும்புகிறவன் நான். கிண்டியோ குடையோடும் விளக்கோடும் பொன்முடிவரை போய்வந்தது.

"கதையிலே என்னை ஒரு மனுஷனாப் போடக் கூடாதா அண்ணாச்சி? குஞ்ஞம்மாவுக்கு ஒரு சிநேகிதனா?"

"கிண்டி அவர்களுக்கு என்ன குறைச்சல்?"

"கிண்டியாச்சே."

"அப்போ குறைச்சல் உமக்குத்தான்."

நேந்திரங்காய் உப்பேரி வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன். "உப்பேரி அவர்கள் நல்ல மொறுமொறுப்பு" என்று முழுவதையும் தின்றார். அடுத்த அத்தியாயத்திலும் நான் கிண்டிதான். மூக்கு மட்டும் கொஞ்சம் நீண்டிருந்தது.

போத்தியிடம் முறையிட்டேன்.

"ஸாருக்கு அறியில்லே? அந்த அரிக்கேன், இங்கே இருந்த டிராயிங் மாஸ்டராக்கும். மாற்றமாயி கோட்டயம் போயாச்சு. குடை, அம்மை குத்துற ஆளு. அவரும் போயாச்சு. இவரோட மூணு பேரும் ஒந்நிச்சு, ஒண்ணாத்தான் நடப்பாங்க. இப்போ இவரு மாத்ரம்."

அதற்குப் பிறகு உப்பேரி வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு கடற்கரைக்கு நடந்தேன். சொத்தைக் கடலையை இருவரும் சேர்ந்து திட்டினோம். அவர் ‘அவர்கள்’ போட்டுத் திட்டினார்.

மறு வருஷம் கம்பெனி என்னைக் கொல்லத்துக்கு மாற்றியது. வாசலில் வில்வண்டி வந்து நின்றது. பெட்டி அவர்களைப் பார்த்து ஏற்றும்படி வண்டிக்காரனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

"போற நேரத்திலேயாவது சொல்லுங்க அண்ணாச்சி. கடைசி அத்தியாயத்திலேயாவது என்னை மனுஷனா ஆக்குவீங்களா?"

"மனுஷன்னா போயிருவான் வே."