வளைந்த மரமும் கணக்கு வாத்தியாரும்

இக்கதையைக் கரீபியக் கடலின் கரியாக்கூ தீவில், விண்ட்வர்ட் என்னும் ஊரின் கரையில், ஈஸ்டர் முடிந்த வாரத்தில், கேப்டன் கானூட் எனோ சொல்லக் கேட்டேன். கட்டி முடியாத ஒரு படகின் நிழலில் அமர்ந்து சொன்னார். அது யாருடையது என்று கேட்டதற்கு, யாரோ ஒருவருடையது என்றார். இதே கதையை வேறு சிலரும் வேறு வேறு பாடமாக எனக்குச் சொல்லியிருக்கின்றனர். எனினும் அடிபட்டவரின் பாடம் என்பதால் இதையே முதன்மையாகக் கொண்டு, அவர் கூற்றாகவே தருகிறேன். இடையிடையே அவர் தம் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்திய இடங்களைக் குறிக்கவில்லை. குறித்தால் கதை இரு மடங்காகிவிடும்.

*

கடலில் நான் எதற்கும் அஞ்சியதில்லை. கரையில் அஞ்சுவதற்கு ஒருத்தி போதும். என் மனைவி லூசித்தா. படகு கட்டும் தச்சரின் மகள்.

ஒரு புயற்காலத்தில் என் பாய்மரம் முறிந்தது. காற்று இழுத்த பக்கமெல்லாம் மிதந்தோம். வேறொரு படகு எங்களைக் கட்டி இழுத்து வரும்வரை லூசித்தா துறையை விட்டு நகரவில்லையாம். நான் இறங்கியதும் அவள் அழவில்லை, திட்டவுமில்லை. உலர்ந்த சட்டை ஒன்றை நீட்டினாள்.

"இந்தப் படகு என்னிக்குக் கரையேறுதோ, அன்னிக்கு நீங்களும் ஏறிடணும். புதுசு கட்டக் கூடாது."

உயிர் பிழைத்த மகிழ்ச்சியில் மனிதன் எதற்கும் தலையாட்டுவான். நானும் ஆட்டினேன். பக்கத்தில் பாதிரியார் வேறு நின்றிருந்தார்.

சில காலத்திலேயே படகின் அடிப்பலகையைப் புழு அரித்துவிட்டது. இன்னும் ஒரு பயணம் தாங்கும். அதற்கு மேல் அது படகல்ல, சல்லடை. பிறகு நான் என்ன செய்வது? எங்கள் வீட்டுக் கூரை ஒழுகும். மழை வரும்போதெல்லாம் வாளியை இங்கிருந்து அங்கே நகர்த்தும் பதவி எனக்காகக் காலியாக இருந்தது. பாய்மரம் ஏற்றி இறக்கிய கை வாளி பிடிப்பதா? கூடாது என்று உறுதி பூண்டேன். புதுப் படகு ஒன்று கட்டியே தீருவேன். லூசித்தாவுக்குத் தெரியாமல் மரத்தைக் கொண்டுவந்து கரையில் இறக்கிவிடுவேன். அதன் பிறகு அவள் கோபிக்கலாம், ஆனால் வெட்டிய மரத்தை வேரில் ஒட்ட முடியாதல்லவா?

டொமினிக்கா தீவின் கிழக்குக் கரையில் ஹில்டன் என்றொரு மரம்வெட்டி இருந்தான். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. அவ்வழியே போன படகுக்காரரிடம் சொல்லியனுப்பினேன். வெண் தேவதாரு வேண்டும், தேய்பிறையில் வெட்டியதாக, வளைந்து வளர்ந்ததாக. வளர்பிறையில் வெட்டிய மரத்தைப் பூச்சி விடாது. நேராக வளர்ந்த மரம் படகுக்கு விலாவாகாது. தேய்பிறை எப்போது தொடங்குகிறது என்று வீட்டில் இரண்டு முறை விசாரித்தேன். லூசித்தா நாள் சொன்னாள். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்காததைக் கண்டு நான் நடுங்கியிருக்க வேண்டும். மகிழ்ந்து போனேன்.

வெட்டியாயிற்று, வந்து பொறுக்கிக்கொள்க என்று ஹில்டனிடமிருந்து செய்தி வந்தது. பயணத்துக்கு ஆயத்தமானேன்.

"கடைசிப் பயணம்தானே, நானும் வர்றேன்" என்றாள் லூசித்தா.

அவளுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்று நம்பினேன். ஒத்துக்கொண்டது. வழியெல்லாம் என்னருகே உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டு வந்தாள். ஒத்துக்கொள்ளாதது எனக்குத்தான். மடியில் ஒரு பொய்யை வைத்துக்கொண்டு பாய் விரித்துப் பாருங்கள், தெரியும்.

டொமினிக்காவில் போர்ட்ஸ்மத் குடாவில் நங்கூரமிட்டோம். படகை ஆட்களிடம் ஒப்படைத்துவிட்டு, என் திட்டத்தின் அடுத்த பகுதியை அவிழ்த்தேன். வாடகைக் கார் எடுத்து அவளுக்குத் தீவைச் சுற்றிக் காட்டுவதாகச் சொன்னேன். காலிபிஷி ஊருக்குப் பக்கத்தில் கடலோரமாகச் சிவப்புப் பாறைகள் உண்டு. அங்கே அவளை உட்கார வைத்துவிட்டு, பெட்ரோல் போட்டு வருகிறேன் என்று நழுவி, ஹில்டனிடம் மரத்தைப் பொறுக்கித் திரும்பிவிடலாம். பெட்ரோல் போடும் இடத்தில் கூட்டம் என்றால் யார் மறுக்கப் போகிறார்கள்?

என்னிடம் ஓட்டுநர் உரிமம் இருந்தது. இளமையில், துறையிலிருந்து காவல் நிலையம் வரை ஒரு லாரியை ஓட்டிக் காட்டி வாங்கியது. அதன் பிறகு அதைத் தவறாமல் புதுப்பித்து வந்தேன். பயன்படுத்தியதில்லை.

என் வாழ்நாளெல்லாம் சுக்கான் கட்டை பிடித்த கை இது. சுக்கான் கட்டையை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும். கார் அப்படிப்பட்டதல்ல என்று மூளைக்குத் தெரியும். கை மூளையைக் கலந்துகொள்வதில்லை. முதல் வளைவிலேயே ஒரு வாழைத் தோட்டத்துக்குள் புகுந்தோம்.

"கேப்டன், ரோடு அந்தப் பக்கமா போயிருச்சு" என்றாள் லூசித்தா.

பின்னால் எடுத்து, ஒலிப்பானை அழுத்துவதற்குப் பதில் கண்ணாடி துடைப்பானை ஓடவிட்டு, மறுபடி சாலைக்கு வந்தேன். மலைப்பாதை. ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் எதுவுமில்லை. எதிரே லாரி வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது, ஒரு முறை மூடியும் கொண்டேன். வளைவு வந்தால் என்னையறியாமல், படகு சாயும்போது சொல்வது போல, காற்றுப் பக்கம் நகரு என்று லூசித்தாவுக்கு ஆணையிட்டேன். அவளும் மறுபேச்சில்லாமல் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தாள். சிறிது தூரம் போனதும் சொன்னாள்:

"பின்னாடி பாரமே இல்ல. அதான் இந்த ஆட்டம் ஆடுது. ஆள் ஏத்துங்க."

இதை வேறு யாராவது சொல்லியிருந்தால் மறுத்திருப்பேன். அடியில் பாரமில்லாத படகை நான் எந்நாளும் ஓட்டியதில்லை. நியாயமாகப் பட்டது. அதோடு, காலி இருக்கையுடன் ஒருவரைத் தாண்டிப் போவது அந்தத் தீவில் முகத்தில் துப்புவதற்குச் சமம். கைகாட்டிய முதல் ஆளுக்கே நிறுத்தினேன். மா தித்தின் என்னும் கிழவி. சேப்பங்கிழங்குக் கூடையோடு ஏறினாள். ஏறிய கணமே எந்த ஊர், எப்படி வந்தீர்கள், பிள்ளைகள் எத்தனை என்று தொடங்கினாள். கரியாக்கூ என்று லூசித்தா சொன்னதும் நான் வேகத்தைக் கூட்டினேன். இந்தக் கிழவிக்கு ஹில்டன் மருமகனாக இருந்தால்? அப்படி ஒன்றுமில்லை. அவளுக்குக் கிழங்குதான் கவலை.

சிவப்புப் பாறை வந்தது. இறங்கி நிழலில் உட்கார், பெட்ரோல் போட்டு வருகிறேன் என்று லூசித்தாவிடம் சொன்னேன். அவள் காரின் முள்ளைப் பார்த்தாள். காரைத் தந்தவர்கள், பாவிகள், தொட்டி நிறைய ஊற்றியிருந்தார்கள்.

"முள்ளு உச்சியில நிக்குதே. இன்னும் எங்க ஊத்தப் போறீங்க, தலையிலயா?"

அந்த நேரம் பார்த்து ஓரமாக நின்ற ஒருவன் கையை நீட்டினான். தோளில் இயந்திர ரம்பம். நான் நிறுத்தவில்லை, ஏனென்றால் கார் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. லூசித்தா இறங்காமலே எட்டிப் பின்கதவைத் திறந்துவிட்டாள். ஓஸ்மண்ட் என்று பேர் சொல்லிக்கொண்டு மா தித்தினுக்கு வணக்கம் வைத்து உட்கார்ந்தான். காரைக் கிளப்பினேன்.

"எதுவரைக்கும் தம்பி?" என்று லூசித்தா கேட்டாள்.

"ஹில்டன் பட்டறைக்கும்மா. கரியாக்கூக் கேப்டன் ஒருத்தர் படகுக்கு மரம் பொறுக்க வர்றாராம். அவர் சொல்ற அளவுக்கு அறுத்துத் தரணும்."

கார் ஒரு முறை விக்கியது. நான்தான் மிதிக்கக் கூடாததை மிதித்துவிட்டேன். லூசித்தா என்னைப் பார்க்கவில்லை. அவள் பார்க்காத பக்கமெல்லாம் எனக்குச் சுட்டது.

"இவங்களும் கரியாக்கூதான்" என்றாள் மா தித்தின், கேளாமலே.

ஓஸ்மண்ட் முன்னால் எட்டி என் கையைப் பார்த்தான். கயிறு அறுத்த தழும்பு நிறைந்த கை. "ஐயாவும் படகுக்காரர் மாதிரி இருக்கீங்களே?"

அங்கேதான் என் மூளை வேலை செய்தது. செய்யாமல் இருந்திருக்கலாம்.

"இல்ல தம்பி. நான் பள்ளிக்கூட வாத்தியார்."

துடைப்பான் மழையில்லாத கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தது. என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

"கணக்கு வாத்தியார்" என்று லூசித்தா திருத்தினாள்.

காப்பாற்றிவிட்டாள் என்று நெஞ்சு குளிர்ந்தது. ஏன் காப்பாற்ற வேண்டும் என்று நெஞ்சு கேட்கவில்லை.

"அப்போ இவ்வளவு தூரம் எப்படி வந்தீங்க?" என்றான் ஓஸ்மண்ட்.

"என் படகுலதான். வாத்தியாருக்குத் தண்ணின்னா பயம். வழியெல்லாம் கண்ணை மூடிக்கிட்டே வந்தார்."

"அப்போ அந்தக் கேப்டன் நீங்கதானாம்மா?"

"நானேதான்."

மா தித்தின் மெச்சிக்கொண்டாள். "பொம்பளை கேப்டனா இருக்கறதுதான் நல்லது. ஆம்பளைங்க போற வழியைப் பாக்கறதே இல்ல." அப்போது நான் ஒரு வேலியோரமாகப் போய்க்கொண்டிருந்தேன்.

ஹில்டன் பட்டறை ஒரு சரிவில் இருந்தது. ஓஸ்மண்ட் முதலில் குதித்து, கேப்டன் அம்மா வந்துவிட்டார்கள் என்று அறிவித்தான். பெண் என்று சொல்லவே இல்லையே என்று ஹில்டன் தலையைச் சொறிந்தான். பிறகு தொப்பியைக் கழற்றினான். நான் மரத்தைப் பார்த்தேன். பெரிய மீனொன்றைத் தின்று முடித்து எலும்பை வைத்தது போல, வளைவு வளைவாக அடுக்கியிருந்தான். ஒவ்வொன்றும் என் படகின் எந்த இடத்தில் உட்காரும் என்று எனக்குத் தெரிந்தது. கண் கலங்கிவிட்டது. லூசித்தா குவியலைச் சுற்றி வந்தாள். விரல் முட்டியால் தட்டினாள், வெட்டுவாயை மோந்தாள், கட்டைவிரல் நகத்தால் கீறினாள். அவள் அப்பா அப்படித்தான் பார்ப்பார்.

"தேய்பிறையில வெட்டினதுதான். நல்ல கை" என்றாள்.

ஹில்டன் பூரித்துப் போனான். "வளைஞ்சதெல்லாம் உங்களுக்குன்னே எடுத்து வெச்சிருக்கேன் கேப்டன்."

"வளைஞ்சது வேண்டாம் ஹில்டன். வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு. நேரா இருக்கறதக் காட்டுங்க."

என்னால் பொறுக்க முடியவில்லை. "படகுக்கு வளைஞ்சதுதானே..." என்று தொடங்கினேன்.

"வாத்தியாரே, இது கணக்கு இல்ல. கேப்டன் பாத்துக்குவாங்க" என்றான் ஹில்டன், மரியாதையாகத்தான்.

ஆனது ஆகட்டும், நானே கேப்டன் என்று சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். மார்பை நிமிர்த்தினேன். வாயைத் திறந்தேன். அந்தக் கணத்தில் என் பின்னால் கார் நகரத் தொடங்கியது. ஆயுளில் ஒரு முறைகூட நங்கூரம் போட மறந்தறியாத நான், கைத் தடையைப் போட மறந்திருந்தேன். அது சாவகாசமாகச் சரிவில் இறங்கி, என் வளைந்த மரங்களின் மேல் சாய்ந்து நின்றது. உள்ளே மா தித்தின் கூடையை அணைத்தபடி, வந்துவிட்டோமா என்று கேட்டாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கேப்டன் என்ற சொல்லை விழுங்கினேன். பெரிய சொல், இறங்க நேரமாயிற்று.

நேரான மரங்களை ஓஸ்மண்ட் அவள் சொன்ன அளவுக்கு அறுத்தான். உத்தரம், குறுக்குச் சட்டம், கைமரம். எல்லாம் கூரைக்கு. திரும்பும்போது லூசித்தா சாவியை என் கையிலிருந்து எடுத்தாள். அவள் கைபட்டதும் கார் பூனைக்குட்டியாயிற்று. வளைவுக்கு வளைவு ஒலிப்பானைத் தட்டி, எதிரே வந்தவருக்கெல்லாம் கையசைத்துப் போனாள்.

"எப்போ கத்துக்கிட்டே?" என்று கேட்டேன்.

"நீங்க கடல்ல இருந்தப்போ. கரையிலயும் ஒருத்தர் இருந்து எல்லாத்தையும் பாக்கணுமில்ல." எதிரே வந்த ஒரு லாரிக்கு வழிவிட்டாள். பிறகு சொன்னாள்: "ஒரு கிழங்கு நட்டதில்ல, நாள் பாத்து முடி வெட்டினதில்ல. அப்படிப்பட்ட நீங்க தேய்பிறையை ரெண்டு தடவை கேக்கறீங்க. நான் தச்சன் மக. அன்னிக்குத் துறையில நின்னமாதிரி இன்னொரு தடவை நிக்க என்னால முடியாது, அவ்வளவுதான்."

கிழவியின் கூடையைப் பிடித்துக்கொண்டேன். பாரம் சரியாக இருந்தது.

என் கடைசிப் பயணத்தில் என் கூரையை நானே ஏற்றி வந்து இறக்கினேன். இப்போது வீட்டில் ஒரு சொட்டு ஒழுகுவதில்லை. வாளிப் பதவியும் போயிற்று. டொமினிக்கா போய்வரும் படகுக்காரர்கள் எல்லோரும் ஹில்டனிடமிருந்து ஒரே விசாரிப்பைக் கொண்டு வருகிறார்கள்: கேப்டன் அம்மா சுகமா, வாத்தியாருக்குத் தண்ணி பயம் தெளிஞ்சுதா?

*

கானூட்டின் பாடம் இவ்வளவே. டொமினிக்காவில் ஓஸ்மண்டின் உறவினர் சொல்வதில் கார் உருள்வதில்லை. வாத்தியார் தாமாகவே அழுதுவிடுகிறார். விண்ட்வர்ட் தச்சர்கள் சொல்லும் பாடத்தின் முடிவோ முற்றிலும் வேறு. அதில் லூசித்தா நேரான மரத்தோடு வளைந்த மரத்தையும் வாங்கிவிடுகிறாள். கூரை முதலில் எழும்புகிறது. பிறகு அவளே அளவு சொல்ல ஒரு படகு எழும்புகிறது, அவள் உடன் வராமல் அது துறையை விட்டு நகரக் கூடாது என்ற கட்டளையோடு.

நான் அமர்ந்திருந்த நிழலுக்கு மேலே வெண் தேவதாரு விலாக்கள் தெரிந்தன. எங்களுக்குக் கறிப்பலா வறுவல் கொண்டுவந்த லூசித்தாவிடம், எந்தப் பாடம் சரி, இந்தப் படகு யாருடையது என்று கேட்டேன்.

"அதைக் கேப்டன்தான் சொல்லணும்" என்றார்.

கானூட் தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறந்தார்.

"நீங்க சாப்பிடுங்க வாத்தியாரே" என்றார் லூசித்தா.