கேசட்டுக்குக் கவ்வாத்து

எங்கள் மலையில் மனிதரைப் படுத்துகிற உயிர்கள் நான்கு. அட்டை, குளவி, காட்டுப்பன்றி, கேசட் வைத்தியர். அட்டைக்கு உப்பு வைக்கலாம், பன்றிக்குத் தகரம் தட்டலாம், குளவியைக் கண்டால் ஓடலாம். நாலாவதுக்கு இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.

அடையாளம் சொல்கிறேன். நீங்கள் போனில் பாட்டுப் போட்டுக்கொண்டு போகிறீர்கள். எதிரே வருகிறவர் நின்று, தலையைச் சாய்த்து, ஊசிப்போன குழம்பை மோந்தவர் மாதிரி முகத்தைச் சுளித்து, "இதெல்லாம் ஒரு சத்தமாப்பா, நாடாவுல வர்ற மாதிரி வருமா?" என்று கேட்டால், அவர்தான். பதில் சொல்லாதீர்கள். சொன்னால் வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவார்.

இறம்பொடைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் இருப்பவர் நாகரத்தினம். முப்பது வருசம் கவ்வாத்து வெட்டியவர். முற்றிப்போன தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளினால்தான் புதுக் கொழுந்து வரும், அதுதான் கவ்வாத்து. பென்சனில் போனதும் கத்தியை வைத்துவிட்டுப் பிளேடை எடுத்தார். மலைக்குப் பிடித்த சனியன் கேசட்டுக்கு மாறியது.

அவர் வைத்தியம் பார்க்கிற அழகைப் பார்க்க வேண்டும். கேசட்டை வாங்கியதும் ஓட்டிப் பார்க்கமாட்டார், மோந்து பார்ப்பார். பிறகு வெளிச்சத்தில் பிடித்து "பூசணம்" என்பார், இங்கே மூடுபனியில் மனிதருக்கே பூசணம் பிடிக்கிறது, கேசட்டுக்குப் பிடிக்காதா என்று யாரும் கேட்கக் கூடாது. ஐந்து குட்டி ஆணியையும் கழற்றி டின்பால் மூடியில் போடுவார். பஞ்சுக்குச்சியை ஓடிகொலோனில் தோய்த்து நாடாவைத் துடைப்பார். துடைத்ததைப் பென்சிலில் சுற்றுவார். அதற்குள் ஒரு ஆணி காணாமல் போயிருக்கும், வந்தவர்கள் எல்லாரும் குனிந்து தேட வேண்டும். தேடிய பிறகு பிளேன்டீ கிடையாது. அதன் ஆவி கேசட்டுக்கு ஆகாதாம்.

ஈரம் போகட்டும் என்று கேசட்டுகளை அரிசி டின்னுக்குள் புதைத்து வைப்பார். அவர் சம்சாரம் வினோதா ஒருநாள் உலைக்கு அரிசி அள்ளும்போது கூடவே ஒரு பக்திப் பாடல் கேசட்டும் வந்தது.

"அரிசி டின்னுல கேசட்டு. இனி கேசட்டுப் பெட்டியிலயா நான் அரிசி போடுறது?"

"போடு. அதுவும் நல்லா காயும்."

சரி, இவ்வளவு பாடுபட்டுப் பாட்டையாவது கேட்டாரா? அதுதான் இல்லை. பாட்டு ஓடும்போது அதற்குப் பின்னால் வரும் இரைச்சலைத்தான் கேட்பார். கேட்டுவிட்டு, நல்லபடியாக ஓடிக்கொண்டிருப்பதை மறுபடி கழற்றுவார்.

போன மாசம் அம்மாக்கண்ணு அக்கா ஒரு கேசட்டைச் சேலையில் முடிந்துகொண்டு அவரிடம் போனார். டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு நான் கூடப் போனேன். வழியில் விசயத்தைச் சொன்னார். அவர் புருசன் கந்தப்பன் செத்து மூன்று வருசம். போட்டோ இரண்டு இருக்கிறது, குரல் எங்கும் இல்லை. இந்தக் கேசட்டில் மட்டும், ரேடியோவுக்குப் பக்கத்தில் டேப்பை வைத்துப் பாட்டுப் பிடித்த காலத்தில், இரண்டு பாட்டுக்கு நடுவே அந்த மனுசன் அக்காவைத் திட்டியிருக்கிறார். அதைக் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

"தம்பி, இதுல எங்க வீட்டு ஆளு..." என்று நாகரத்தினத்திடம் ஆரம்பித்தார் அக்கா.

"விசயத்துக்கு வாங்கக்கா. பூசணமா, சிக்கலா?"

"சிக்குதுங்க. ஆனா இதுல..."

"போதும். வர்ற ஞாயித்துக்கிழமை வாங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேசட் பளபளவென்று இருந்தது. டேப்பில் போட்டோம். பாட்டு முடிந்தது, உடனே அடுத்த பாட்டு, அது முடிந்ததும் அடுத்தது. நடுவில் மூச்சு விடக்கூட இடமில்லை. அக்கா கடைசி வரை கேட்டார். பிறகு, "அவரு எங்கங்க?" என்றார்.

நாகரத்தினத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. "யாரோ கத்துறான், நாய் குலைக்குது, பாத்திரம் உருளுது. பாட்டு இல்லாத எடமெல்லாம் எடுத்துட்டேன். நல்லா கவ்வாத்து பண்ணியிருக்கேன் அக்கா."

நான் விசயத்தைச் சொன்னேன். அப்போதும் இந்த மனிதர் என்ன சொன்னார் தெரியுமா?

"இத மொதல்லயே சொல்ல வேணாமா?"

வெட்டிய துண்டுகள் எங்கே? வினோதாதான் பின்பக்கம் கையைக் காட்டினார். லீக்ஸ் காய்கறிப் பாத்திக்கு மேலே, குருவி வராமல் இருக்கக் குச்சிக்குக் குச்சி கட்டிய கறுப்பு நாடாத் துண்டுகள் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுப் பாத்திக்குள் இறங்கி, ஒவ்வொன்றாக அவிழ்த்து, கொழுந்து கிள்ளி ரேகை கறுத்துப்போன விரலில் சுற்றினார். ஒன்றையும் விடவில்லை.

"எல்லாத்தையும் எடுத்தா குருவி வந்துரும்" என்றார் நாகரத்தினம்.

"வரட்டும். ஒட்டுய்யா" என்றார் வினோதா. அந்த வீட்டில் நான் கேட்ட ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

உட்கார்ந்து ஒட்டினார். முதல் துண்டில் நாய். அடுத்ததில் சோப்பு விளம்பரம். மூன்றாவதைத் தலைமாற்றி ஒட்டியதில் மறுபக்கத்துப் பாட்டில் பாதி வந்தது. ஒரு பக்கத்தை வெட்டினால் மறுபக்கமும் போகும் என்பதையே வைத்தியர் அன்றைக்குத்தான் யோசித்தார். திருப்பி ஒட்டினார். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலான துண்டு. மழையில் கிடந்ததில் கரகரவென்று இழுத்துவிட்டு, ஒரு ஆம்பிளைக் குரல் அதட்டியது.

"ஏய் அம்மாக்கண்ணு, அடுப்ப ஊதாத புள்ள, சத்தம் விழுதுல்ல."

அக்கா டேப்புக்கு முன்னால் குந்தியிருந்தார். "ஊதலங்க" என்றார்.

வினோதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நாகரத்தினமும் கொஞ்ச நேரம் தலையைக் குனிந்துகொண்டுதான் இருந்தார். மனிதர் திருந்திவிட்டார் என்று நானே நினைத்தேன். அப்புறம் மெதுவாகச் செருமினார்.

"பின்னால ஒரு இரைச்சல் கேக்குது பாருங்க. அத மட்டும் எடுத்துறட்டுமா?"

அக்கா கேசட்டைப் பிடுங்கிச் சேலையில் முடிந்துகொண்டு கிளம்பிவிட்டார். டேப்பைத் தூக்கிக்கொண்டு நானும்.

நீங்கள் சிரிப்பீர்கள். உங்களிடம் பிளேடும் இல்லை, பென்சிலும் இல்லை. ஆனால் வீட்டில் ஒருவர் வாயைத் திறந்து, மழை பெய்ததையும் பஸ் பிந்தியதையும் சொல்லிக்கொண்டு வரும்போது, "விசயத்துக்கு வா" என்று சொல்கிறவர் யார்? இதையே வாசிக்கும்போது பஞ்சுக்குச்சியும் பூசணமும் வந்த இடத்தில் எத்தனை வரியைத் தாண்டிக் குதித்தீர்கள்? எனக்குத் தெரியாது. எதற்கும் உங்கள் வீட்டு லீக்ஸ் பாத்தியை ஒருமுறை போய்ப் பாருங்கள்.