இரண்டு படமும் ஒரு யானையும்

1983ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆந் திகதி, செவ்வாய்க்கிழமை, முற்பகல் ஒன்பது மணி பத்து நிமிடம். கல்முனையில் மெல்லிய தூறல். படவரைஞர் பக்கீர் முகைதீனின் மேசைமேல் ஒரே வயலின் புகைப்படங்கள் இரண்டு கிடந்தன. யானையை விரட்டக் கோரும் மனுவுடன் ஒரு படத்தையே இணைக்கலாம் என்பது அலுவலக விதி.

இறக்காமத்து அபூசாலியின் வயலை யானை மேய்ந்துகொண்டிருந்தது. அறுவடைக்கு இன்னும் ஐந்தே நாள். விலங்கு வயலெல்லைக்குள் நிற்பது படத்தால் உறுதியானால்தான் அதைத் துரத்த ஆட்களும் வெடிகளும் கிடைக்கும். அதற்காகக் கொழும்பிலிருந்து வந்த ஆய்வாளர் இருவர், சென்ற வாரம் ஓரிரவு, ஒரே நிமிடத்தில் ஆளுக்கொரு கருவியால் படமெடுத்திருந்தனர். இருளிலும் பார்க்கவல்ல கருவியின் படத்தில் வரம்பு, குளம், பெரிதும் சிறிதுமாகக் காவல் தீ இரண்டு, எல்லாம் இருந்தன, யானை இல்லை. சூட்டை மட்டும் பதியும் கருவியின் படத்தில் தீ இரண்டும், பருத்த வெள்ளை உருவம் ஒன்றும் இருந்தன, வரம்பு இல்லை.

“ரெண்டையும் ஒண்டாக்குங்க தம்பி. எனக்கு யானையும் வேணும், வரம்பும் வேணும்,” என்றார் அபூசாலி.

“பொறுங்க காக்கா. சூட்டுப் படத்த மெல்லிய தாளில அச்செடுத்து மற்றதுக்கு மேலே வைக்கப்போறன்,” என்றார் பக்கீர் முகைதீன், வயதில் மூத்த அபூசாலியிடம்.

வைத்தார். பெரிய தீ சிறிய தீயின்மேல் விழுந்தது. யானை குளத்தின் நடுவே நின்றது.

“குளிக்குதாக்கும்,” என்றார் அபூசாலி.

அரை மில்லிமீற்றர் பிழையையும் பொறுக்காத பக்கீர் முகைதீன், தாளைத் தலைகீழாகச் சுழற்றினார். தீ இரண்டும் பொருந்தின. யானை கால்களை மேலே நீட்டியபடி வானத்தில் கிடந்தது.

“யா அல்லாஹ்! இத எந்த வெடியால எறக்குற?”

அளவில்தான் பிழையென்று முடிவுசெய்து, படத்தைச் சிறிதாக்கி வரைந்தார். யானை பூனையளவாயிற்று.

“இந்தப் பூனையா தம்பி என்ட ரெண்டு ஏக்கரையும் திண்டது?”

“காக்கா, கொஞ்சம் கதைக்காம இருங்க!”

“கதைக்கல்ல. தாளை மறுபக்கம் பிரட்டிப் போடுங்களன். நானும் அவசரத்துல சட்டைய அப்படித்தான் போடுற.”

அது முறையன்று என்பதைப் பக்கீர் முகைதீன் இரண்டு வாக்கியங்களில் விளக்கினார். விளக்கியபின், வேறு வழியின்றி, முதல் தாளையே எடுத்துப் புரட்டிப் போட்டார். பெரிய தீ பெரிய தீயிலும், சிறிய தீ சிறிய தீயிலும் மயிரிழை பிசகாமல் அமர்ந்தன. யானை எல்லை வரம்புக்கு உள்ளே, நெல்லின் நடுவே நின்றது. ஏன் பொருந்தியது என்று விதி கேட்கவில்லை; அவரும் கேட்கவில்லை.

அதிகாரி சீனித்தம்பி மூக்குக்கண்ணாடியை உயர்த்திப் படத்தைப் பார்த்தார்.

“தும்பிக்கைகூட தெளிவாத் தொங்குதே, பக்கீர்!”

“ஓம் சேர்.”

‘படத்திற் காணப்படும் விலங்கை மூன்று நாளுக்குள் வெடி கொளுத்தித் துரத்துக’ என்று தனித்தாளில் எழுதி, ஒப்பமிட்டு, முத்திரை குத்தி, அபூசாலியின் கையில் கொடுத்தார். அபூசாலி அதை நான்காக மடித்து இடுப்புப் பட்டியின் பைக்குள் வைத்துப் பொத்தானைப் பூட்டினார். அவரையும் வெடிப்பெட்டிகளையும் இறக்காமத்தில் இறக்கிவிடச் சாரதி தம்பையா அழைக்கப்பட்டார். படமெடுத்த இரவு ஆய்வாளர்களைக் கூட்டிச் சென்றவரும் அவர்தான். அவர் மேசையிலிருந்த படத்தைக் குனிந்து பார்த்தார்.

“சேர், அந்தத் துரைமார் ரெண்டுபேரும் வயலுக்கு அங்கால ஒராள், இங்கால ஒராள் எண்டு எதிரெதிராத்தான் நிண்டாங்க, இந்த வெள்ளை அங்கால ஆளுக்குப் பின்னால நிண்ட எங்கட ஜீப்பு, தும்பிக்கையெண்டு தொங்குறது சூட்டுக்காக அதுக்கு மேலே ஏறிப் படுத்திருந்த என்ட கால்.”