கடைசி வரி

இந்த லீவில் என் வீட்டுக்குள் அந்த மணிப்பாட்டு ஒலிக்கவே கூடாது என்று கண்ணாடி முன்னால் நின்று சபதம் செய்தேன். மனைவி முன்னால் நின்று செய்யும் அளவுக்கு நான் இன்னும் வளரவில்லை.

நான் செருப்புக் கடையில் விற்பனையாளன். லீவு நெருங்கினால் போதும், என் தலைக்கு நேர் மேலே இருக்கும் ஸ்பீக்கர் அந்தப் பாட்டைப் பிடித்துக்கொள்ளும். 'விடுமுறை வந்தாச்சு' என்று குழந்தைகள் கூட்டமாகக் கத்த, பின்னாலேயே மணிகள் கலகலக்கும். கால் அளவு எடுத்தால் மணி. பெட்டியை மூடினால் மணி. போன வாரம் ஒரு பெரியவருக்கு இரண்டும் இடது கால் ஷூவாகக் கட்டிக் கொடுத்துவிட்டேன்.

கடைக்கும் லீவு விட்டதும் தப்பித்து வீட்டுக்கு வந்தால், என் மனைவிக்கு உலகத்திலேயே பிடித்த பாட்டு அதுதான். அவள் வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். லீவு முழுக்கப் பாட்டுப் பெட்டியில் அதைப் போட்டு, தாளத்துக்கு மிஷினை மிதிப்பாள். நான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நடமாடுவேன். எனக்குப் பிடித்தது புல்லாங்குழல். அதுவும் அடுத்த தெருவில் வாசித்தால்.

"ஏங்க, வருஷத்துல இந்த லீவுலதான கேக்குறேன்."

"நான் ஒரு மாசமா கேக்குறேனே."

"அப்ப பழகியிருக்குமே."

இவளிடம் பேசி ஜெயிக்க முடியாது. அவள் துணி உலர்த்த மாடிக்குப் போன நேரம் பெட்டியின் பியூஸைக் கழற்றி, என் பழைய ஷூவின் முனையில் திணித்தேன்.

பெட்டி பாடவில்லை. ஐயோ பாவம் என்று முகத்தை வைத்துக்கொண்டேன். மெக்கானிக்கும் லீவில் இருப்பானே என்று வருத்தமும் பட்டேன். அவள் என்னைச் சற்று நேரம் பார்த்தாள்.

"பரவால்ல. பாட்டு இல்லாம நான் இருந்துடுவேன். நீங்க இருப்பீங்களா?"

"நானா? அந்தப் பாட்டை நானா வாய் திறந்து கேட்டா, லீவு முடியிற வரைக்கும் பாத்திரம் பூரா நான் கழுவுறேன்."

லீவுக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த என் மச்சான் நிமிர்ந்து, "நான் சாட்சி" என்றான். தவளை தன் வாயால் கெட்ட கதை எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

மறுநாள் காலை மிஷின் ஓடத் தொடங்கியது. கூடவே அவளும் பாடத் தொடங்கினாள். பாடட்டும், மணி இல்லையே என்று இருந்தேன். கடைசி வரி வரும் நேரம் நூலைப் பல்லில் கடித்தாள். வாயில் நூலோடு யார் பாட முடியும்? அடுத்த துணியை எடுத்தாள். பாட்டு மறுபடி முதலிலிருந்து.

ஒவ்வொரு துணிக்கும் இதே கதை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வராத தும்மலைப் போல அந்த வரி மூக்கு வரை வந்து நின்றது. நாமே முடித்துக்கொள்வோம் என்று மனசுக்குள் பாடிப் பார்த்தேன். 'இரண்டு ஜோடி வாங்கினால் சாக்ஸ் இலவசம்' என்று முடிந்தது. கடையில் சரியாக அந்த இடத்தில்தான் அறிவிப்பு குறுக்கே வரும்; வீட்டிலோ காதில் பஞ்சு. இத்தனை நாள் கேட்டும் அந்தப் பாட்டின் கடைசி வரி எனக்குத் தெரியாது.

உட்கார்ந்தேன், எழுந்தேன், ஒரே செடிக்கு மூன்று முறை தண்ணீர் ஊற்றினேன். சாயங்காலம் அவள் மாடிக்குப் போனதும் ஷூவுக்குள் கைவிட்டேன். ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டுத் திரும்பக் கழற்றிவிடலாம். பியூஸை மாட்டினேன், பொத்தானை அமுக்கினேன், பெட்டியைத் தட்டினேன், கெஞ்சினேன். அது வாயைத் திறக்கவில்லை.

அவள் இறங்கி வந்து மிஷினில் உட்கார்ந்தாள், பாடினாள், நூலை எடுத்து வாயில் வைத்தாள்.

"அம்மா தாயே, அந்தக் கடைசி வரியைப் பாடித் தொலையேன்."

மிஷின் நின்றது. அவள் நூல்கண்டு டப்பாவைத் திறந்து ஒரு பியூஸை எடுத்து, நான் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டுப் பெட்டியில் மாட்டினாள்.

"நீங்க எதையும் ஷூவுக்குள்ளதான ஒளிப்பீங்க. நேத்தே எடுத்துட்டேன். அதுக்குப் பதிலா அங்க நான் வச்சது போன வருஷம் எரிஞ்சுபோனது."

"கடைசி வரி தெரியாதுங்கிறது உனக்கு எப்படித் தெரியும்?"

"தூக்கத்துல பாடுறீங்க. அந்த இடம் வந்ததும் சாக்ஸ் இலவசம்னு திரும்பிப் படுத்துக்கிறீங்க."

பெட்டி பாடியது. கடைசி வரியும் வந்தது. முதல் வரியேதான். 'விடுமுறை வந்தாச்சு.' இதற்காகவா என் லீவை அடகு வைத்தேன் என்று அழுகை வந்தது. ஆனாலும் மனசு லேசானது உண்மை. பாத்திரத் தொட்டி முன்னால் நின்று, கரண்டியால் குழாயில் மணி அடித்தபடி நானும் சேர்ந்து பாடினேன்.

கூடத்திலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, வாயை மூடிக்கிட்டுக் கழுவுங்க. பாட்டு கேக்கல."