நின்றவரும் உட்கார்ந்தவரும்

"உட்கார்ந்திருப்பவர் பெரியவர். நின்றிருப்பவர் அவரை அண்டி இருந்தவர். 1880-களில் எடுத்த ஆண்களின் படங்களில் இதுதான் வழக்கம்" என்று தமிழ்வேந்தன் மைக்கில் சொன்னதும் அன்னூர்க் கல்யாண மண்டபம் அமைதியாகிவிட்டது.

அது எந்த மாதிரி அமைதி என்று புரிய அவருக்குச் சற்று நேரமானது. கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துபவர். பழைய புகைப்படங்களுக்கு அர்த்தம் சொல்வதில் கெட்டிக்காரர். இந்த நிச்சயதார்த்தமே, மேடையில் பெரிதாக்கி வைத்திருந்த அந்தப் படத்தால் வந்ததுதான். மாப்பிள்ளை சாய்சரண் வீட்டுப் பூட்டனும் பெண் லாஸ்யா வீட்டுப் பூட்டனும் ஒன்றாக எடுத்துக்கொண்ட படம். முன்பின் தெரியாத குடும்பம் என்று ஒரு வருடம் முறுக்கிக்கொண்டிருந்த பெண்ணின் அப்பா அழகிரிசாமி, அதைப் பார்த்த பிறகுதான் இறங்கி வந்தார். படத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசத் தமிழ்வேந்தனை அழைத்ததும் அவர்தான்.

நின்றிருப்பவர் அழகிரிசாமியின் பூட்டன்.

"ஏனுங்க, எங்க பூட்டன் அவிய ஊட்டு எடுபிடின்னு சொல்றீங்களா?"

தமிழ்வேந்தன் அவசரமாகச் சமாளித்தார். "அப்படியில்லீங்க. அன்னைக்கெல்லாம் படம் புடிக்க ரொம்ப நேரம் அசையாம இருக்கோணும். நிக்க முடியாதவங்களை உக்கார வெச்சிருவாங்க."

மாப்பிள்ளையின் அம்மா லட்சுமியம்மாள் எழுந்துவிட்டார். "அப்ப எங்களுது சீக்காளிப் பரம்பரைங்களா?"

"இல்லீங்கம்மா. கையில புஸ்தகம் பாருங்க. படிச்சவருன்னு அர்த்தம்."

"எங்காளு கையில ஒண்ணுமில்லீங்களே" என்றார் அழகிரிசாமி. "கைநாட்டுங்களா?"

"அவருக்குக் கடிகாரச் சங்கிலி இருக்குதுங்க. ஆனா அதையெல்லாம் பெருசா எடுத்துக்காதீங்க. புஸ்தகம், சங்கிலி, கோட்டு, எல்லாமே ஸ்டூடியோக்காரங்க இரவல் தர்றதுதானுங்க."

இப்போது இரண்டு பக்கமும் எழுந்துகொண்டது. கோட்டு இரவல் என்பதை ஒருவராலும் தாங்க முடியவில்லை. வெற்றிலைத் தட்டை யாரோ உள்ளே எடுத்துப் போனார்கள். சாய்சரண் முகத்தில் ரத்தமில்லை. லாஸ்யா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். தன் வாயால் ஒரு கல்யாணம் நின்றுவிடப் போகிறதே என்று தமிழ்வேந்தன் பயந்துவிட்டார்.

வேறு வழியின்றிப் படத்தருகே போய் மூக்கு உரசப் பார்த்தார். நின்றவரின் வலக்கை உட்கார்ந்தவரின் தோளில் இருந்தது.

"இதைப் பாருங்க" என்றார். "ஸ்டூடியோக்காரர் சொன்னா கை நாற்காலி முதுகுலதான் இருக்கும். இது தோள்ல இருக்குது. யாரும் சொல்லி வெச்ச கை இல்லீங்க. பாசத்துல தானா போன கை."

அழகிரிசாமி மேடையேறி அந்தக் கையை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தட்டு மாத்திக்கலாங்க, சம்மந்தியம்மா" என்றார்.

பந்திக்குப் போகும் வழியில், விசேஷத்தைப் படம்பிடிக்க வந்திருந்த சமீரா தமிழ்வேந்தனை ஓரமாக அழைத்தாள்.

"ரெண்டு பேரும் ரெண்டு ஊட்டுப் பரண்ல தனித்தனிப் படமாத்தான் கெடந்தாங்க சார், பொண்ணும் மாப்பிள்ளையும் வந்து கெஞ்சுனாங்கன்னு, அந்தக் கையை நாந்தானுங்க கம்ப்யூட்டர்ல எடுத்துத் தோள்ல வெச்சேன்."